தானாக நகர்ந்த அம்பு

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம், அப்போதுதான் 'முழுச் சோதனை' என்ற பொத்தானை அமுக்கினேன், இப்போது பத்து பத்தொன்பது, நான்கு சதவீதம் என்கிறது, அந்த நான்கில் எதைப் பார்த்தது, எதை விட்டது, யாரிடம் கேட்பது... திரை நடுவில் நீலக் கேடயம் ஒன்று சுழல்கிறது. இது மூன்றாவது ஆன்டிவைரஸ். முதலாவதுக்குப் பச்சைக் கேடயம், இரண்டாவதுக்கு ஆரஞ்சு. எல்லாரிடமும் கேடயம் இருக்கிறது, வாளை வைத்திருப்பவனை ஒருவரும் படம் போட்டுக் காட்டுவதில்லை. முப்பது நாள் இலவசம், ஆனால் வங்கி அட்டையின் எண்ணை இப்போதே கொடுத்துவிட வேண்டுமாம். இலவசத்துக்கு எதற்கு அட்டை எண்? கொடுத்தேன். காவலுக்கு வருகிறவன் முதலில் சாவியைக் கேட்கிறான், கொடுக்காவிட்டால் வாசலிலேயே நிற்கிறான், என்ன செய்வது. எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று தேடினால் பத்துப் பக்கங்கள் வருகின்றன, பத்திலும் பத்து முதலிடம், ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், இந்த இணைப்பின் வழியாக நீங்கள் வாங்கினால் எங்களுக்கு ஒரு பங்கு கிடைக்கும். விவசாயியிடம் கை நீட்டிவிட்டு அவன் கோதுமைக்கு முதல் தரம் என்று சீட்டு எழுதுவது போல. முப்பத்திரண்டு வருடம் கனடாவில், ஏரிக்கரையில் இருக்கும் தண்டர் பே துறைமுகத்தில் தானியம் சோதித்தவன் நான். அப்படி ஒரு சீட்டு எழுதியிருந்தால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஏழு சதவீதம். ஆன்டிவைரஸ் வாங்க எனக்கு ஆசை ஒன்றும் இருந்ததில்லை, ஆறு வருடமாக இந்தக் கணினி ஜன்னலோரம் அது பாட்டுக்குக் கிடந்தது, வானிலை, எந்தக் கப்பல் எப்போது கரைக்கு வருகிறது, ஹாக்கி, வங்கி, அவ்வளவுதான்... மூன்று வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை காப்பி ஊற்றிக்கொண்டு வர அடுக்களைக்குப் போனேன். திரும்பி வரும்போது திரையில் அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. மவுஸ் மேஜைமேல் இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை, பூனைகூட இல்லை, இந்த வீட்டில் பூனை இருந்ததே இல்லை. அம்பு அவசரமே இல்லாமல் கீழ் மூலையிலிருந்து மேலே ஏறியது, கோப்புகள் இருக்கும் மஞ்சள் பெட்டியின்மேல் நின்றது. தயங்கியது. மவுஸுக்கு அடியில் தூசி இருந்தால் அம்பு தானாக நகரும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், இருக்கலாம், தூசி ஒரு பக்கமாக இழுக்கும், தயங்காது, ஒரு கை தயங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோப்பையைப் பிடித்தபடி நிலைப்படியில் நின்றேன். இருமல் வந்தது, இருமினால் அதற்குக் கேட்குமோ என்று அடக்கிக்கொண்டேன், எவ்வளவு முட்டாள்தனம், என் வீட்டில் நான் இருமப் பயப்படுவது. பிறகு போய் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சாயங்காலம்வரை திரும்பச் செருகவில்லை.

சனிக்கிழமை பான்கேக் கடையில் ஓரெஸ்டிடம் சொன்னேன். ஓரெஸ்ட் நான் வேலை பார்த்த தானியக் கிடங்கிலேயே ரயில் வேகன் இறக்கும் பக்கம் இருந்தவன், எதையும் சிரிக்காமல் கேட்கத் தெரியாது, தட்டில் உப்புப் போட்ட சால்மன் துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு முழுதாகக் கேட்டான், அதன்பிறகு, "டேய் ரெய்னோ, திருடன் உன் கம்ப்யூட்டருக்குள்ள வந்து என்னத்தடா எடுப்பான்? நீ புடிச்ச மீனோட போட்டோவையா? அதப் பாத்தா அவனே பரிதாபப்பட்டு நாலு மீன் அனுப்பி வெப்பான்" என்றான். பேங்க் இருக்கே என்றேன். "உன் பேங்க்கப் பாத்தா மீனோட சேத்து காசும் அனுப்புவான்." சரி, நீ எந்த ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "எனக்கெதுக்கு? என் கம்ப்யூட்டர் இருக்கற வேகத்துக்கு வைரஸ் உள்ள வந்தா அதுவே தூங்கிரும்." பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். அவர்கள் ஏன் எங்கள் பேச்சைக் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன், சிரிப்பு நின்றது. அப்போது ஓரெஸ்ட் வாயில் பான்கேக்கை வைத்துக்கொண்டே, "கத்ரியக் கேளேன், அவதான போன மாசம் வந்து எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போனா" என்றான். எதைச் சரி பண்ணினாள் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும். நீதான சொன்ன." நானா சொன்னேன், எப்போது சொன்னேன்... கத்ரி வந்ததைச் சொல்லியிருப்பேன். என் மகள் அவள், வின்னிபெக்கிலிருந்து வந்தாள், அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு, நான்கு நாள் இருந்தாள், வான்கோழி சமைத்தாள், குளிர்சாதனப் பெட்டியில் தேதி போன பொருளையெல்லாம் வெளியே எறிந்தாள். அதைத்தான் அவன் சரி பண்ணினாள் என்கிறான். அவன் பாதி கேட்பான், மீதியை அவனே சேர்த்துக்கொள்வான்.

பத்தொன்பது சதவீதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் கத்ரி கூப்பிட்டபோது அம்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கத்ரி, ஒரு ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன், எது வாங்கலாம் என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணும் வாங்காதீங்கப்பா. கம்ப்யூட்டரோட வந்ததே போதும். புதுசா எதையும் போடாதீங்க, சரியா?" அவ்வளவு வேகமாக. ஒரு கெட்டில் வாங்க நாற்பது பேருடைய கருத்தைப் படிக்கிற பெண் அவள், அதில் பாதியை எனக்கு வாசித்தும் காட்டுவாள். இதற்கு மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் புதிதாக எதையும் போடக்கூடாது? போட்டால் எது தெரிந்துவிடும்? அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறேன், செவ்வாய்க்கிழமை வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஏன் தட்டுகிற மாதிரி சத்தம் போடுகிறது என்று தேடினேன், புதன் காலை அவளிடமிருந்து செய்தி, அப்பா ஃபர்னஸ் ஒழுங்காக ஓடுகிறதா. நவம்பரில் எந்த மகளும் அப்பாவிடம் கேட்கிற கேள்விதான், தெரியும். ஆனால் புதன் காலை எதற்கு? ஒரு பொறி வைத்தேன். எனக்குச் சற்றும் சம்பந்தமில்லாத எதையாவது தேடிப் பார்ப்போம் என்று பழைய அக்கார்டியன் வாத்தியம் என்ன விலை என்று மூன்று நாள் தேடினேன், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வாங்கப் போகிறவனைப் போல. அடுத்த ஞாயிறு அவள், "பொழுது எப்படிப்பா போகுது? புதுசா ஏதாவது கத்துக்கலாம்ல?" என்றாள். இது அக்கார்டியனா இல்லையா? மீன்பிடிக்கக் கற்றுக்கொள் என்றோ சமையல் என்றோ சொல்லவில்லை, ஏதாவது என்றாள். ஏதாவது என்பதற்குள் அக்கார்டியனை ஒளித்து வைக்கலாம்.

ஏன் நேராகக் கேட்கவில்லை? கேட்டால் என்ன தெரியும். வேகனோடு வருகிற விவசாயியிடம் உன் கோதுமையில் வண்டு இருக்கிறதா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்பான், பொய்யென்றுகூடச் சொல்ல முடியாது, அவனுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் மாட்டான். எங்கள் வேலையில் வாய்க்கு இடம் கிடையாது. நீண்ட பித்தளைக் குழாயை உள்ளே இறக்கு, மேலே இருப்பதை நம்பாதே, மேலே எப்போதும் நல்ல தானியம்தான் இருக்கும், அடியிலிருந்து எடு, மூன்று இடத்தில் எடு, ஒரே இடத்தில் எடுத்தால் அது ஒரு இடத்தின் உண்மை மட்டும். அதனால்தான் மூன்று ஆன்டிவைரஸ். என் மனைவி ஹெல்மி உயிரோடு இருந்தவரை சொல்வாள், "ரெய்னோ, என்கிட்ட வாயத் தொறந்து கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிருவேன், நீ மூணு நாளா குப்பைக்கூடையக் கிளறிக்கிட்டு இருக்க" என்று. அவளுக்குப் பிறந்தநாள் பரிசாக என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் கிளறினேன், அந்த வருடம் அவளுக்கு வேண்டாததைத்தான் வாங்கினேன்... சரி, அது பரிசு, இது வேறு.

பச்சைக் கேடயம் பதினொரு நிமிடத்தில் முடித்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு 'டிக்' போட்டது. ஆறு வருடத்துக் குப்பையைப் பதினொரு நிமிடத்தில் பார்த்தவன் பார்க்கவே இல்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஆரஞ்சு அதற்கு நேர்மாறு, நானூற்றுப் பன்னிரண்டு கோளாறுகள், எல்லாம் சிவப்பில், சரி செய்ய வேண்டுமானால் பணம் கட்டு. என்ன கோளாறு என்று கேட்டால் சொல்லாது. இவன் ஒவ்வொரு வேகனையும் நிறுத்தி வைத்துக் காசு பார்க்கிற ரகம். இரண்டையும் எடுக்காமல் விட்டேன், ஒன்று தவறவிட்டதை மற்றது பிடிக்கட்டுமே என்று. மறுநாள் ஆரஞ்சைச் சந்தேகப்படும்படியான நிரல் என்று பச்சை சொன்னது, பச்சை என் கோப்புகளை ரகசியமாகப் படிக்கிறது என்று ஆரஞ்சு சொன்னது, வானிலைப் பக்கம் திறக்க ஒன்பது நிமிடம் ஆனது. பனி பெய்யும் என்று அது சொல்வதற்குள் பெய்துவிட்டது. கடைக்குப் போனேன். கணினிப் பிரிவில் நிற்கிற பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், "ரெண்டையும் ஒண்ணா போடக்கூடாது சார், ஒரே வீட்ல ரெண்டு வாட்ச்மேன வெச்ச கதைதான், ஒருத்தன ஒருத்தன் புடிச்சுக் கட்டிப் போட்டுக்கிட்டு கெடப்பாங்க" என்றார். நன்றாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "போன வாரமே உங்ககிட்ட சொன்னேனே." போன வாரம் நான் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. அல்லது போனேன், பிரின்டருக்கு மை வாங்க, இந்தப் பெண்மணியிடம் பேசவில்லை. இந்த ஊரில் எழுபது தாண்டிய ஆண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரித் தொப்பிதான் போடுகிறோம், அவருக்கு எப்படி அடையாளம் தெரியும். சிரித்துவிட்டு வந்தேன். காரில் உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன், பிடிபட்டவன் சிரிக்கிற சிரிப்பு.

நாற்பத்தொன்று. எழுந்து போய் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தேன், வரும்போது நிலைப்படியிலேயே நின்று திரையைப் பார்த்தேன், அம்பு அசையவில்லை, கேடயம் மட்டும் சுழல்கிறது. ஏரியில் ஒரு கப்பல் மட்டும் நிற்கிறது, பனி இறுகுமுன் கடைசியாக ஏற்றிப் போக வந்திருக்கும். குளிரில் வரும் வேகன்களில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். வண்டு குளிரில் சாகாது, காலை மடக்கிக்கொண்டு கோதுமையின் நிறத்திலேயே கிடக்கும், சல்லடையில் போட்டு ஆட்டினாலும் உமி மாதிரி உருளும். அதனால் மாதிரியை ஒரு புனலில் கொட்டி மேலே விளக்கை எரியவிடுவோம். ஆறு மணி நேரம். சூடு இறங்க இறங்க அது கண் விழிக்கும், சூட்டைவிட்டுக் கீழே கீழே போகும், கடைசியில் அடியில் வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் விழும். ஒன்று விழுந்தால் போதும், வேகன் முழுவதும் நிறுத்தம். இந்த நீலக் கேடயம் ஒரு மணி நேரமாக நிதானமாகப் போகிறது, அதனாலேயே இதன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது, அந்த மரியாதையைப் பார்த்து எனக்கே சந்தேகமாகவும் இருக்கிறது. மெதுவாகப் போனால் கிழவன் நம்புவான் என்று யாரோ ஒருவன் கணக்குப் போட்டு வைத்திருந்தால்?

ஓரெஸ்ட் கேட்டது சரியான கேள்வி, என்னத்தை எடுப்பான். மீன் இல்லை, பணமும் பெரிதாக இல்லை. ஆனால் இந்தக் கணினிக்குள் நான் தேடித் தட்டிய வரிகள் இருக்கின்றன. எழுபத்து மூன்று வயதில் பெயர் மறப்பது எவ்வளவு வரை இயல்பு. அடுப்பை அணைத்தோமா என்று எத்தனை முறை பார்ப்பது இயல்பு. வீட்டிலேயே செய்துகொள்ளும் ஞாபகச் சோதனை. ஒரு தாளில் கடிகாரம் வரைந்து முட்களைப் போடச் சொன்னது, போட்டேன், சரியாகத்தான் போட்டேன், ஐந்து சொற்களைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சொல்லச் சொன்னது, நான்கு சொன்னேன், ஐந்தாவது என்னவென்று பார்த்தபோது முகம், அது முகம் என்ற சொல். அந்தத் தாளை நீராவிக் குளியல் எடுக்கும் சவ்னா அறையின் அடுப்பில் போட்டு எரித்தேன். திரையில் தட்டியதை எப்படி எரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. செப்டம்பரில் இரண்டு நாள், பத்தொன்பது வருடம் என்னெதிரே உட்கார்ந்து சல்லடை ஆட்டியவனின் பெயர் வரவில்லை. மூன்றாம் நாள் குளிக்கும்போது வந்தது, லோர்ன், சத்தமாகவே சொன்னேன், லோர்ன் லோர்ன் என்று, தண்ணீர் வாய்க்குள் போயிற்று. இது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால்... போன மாதக் கடைசியில் கத்ரி ஒரு தடித்த உறை அனுப்பினாள், அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் முதியவர்களுக்கான அடுக்கு வீடு, தனி அறை, நதி தெரியும், மருந்து கொடுக்க ஆள் வருவார்கள். எனக்கு எந்த மருந்தும் கிடையாது. "சும்மா பாருங்கப்பா, இப்ப ஒண்ணும் அவசரமில்ல." அவசரமில்லாததை எதற்கு அனுப்புகிறாள்? நான் ஞாபகச் சோதனை செய்த வாரமும் அந்த உறையில் இருந்த தபால் முத்திரையும்... பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அவள் மட்டும் அந்த வரிகளைப் படித்திருந்தால் இந்த ஜன்னல் போயிற்று, ஏரி போயிற்று. ஒரு கையெழுத்துக்கூடத் தேவையில்லை, அவள் குரலில் அந்த மென்மை வந்தால் போதும், நானே பெட்டியைக் கட்டிவிடுவேன், அதுதான் பயம்.

எழுபத்தெட்டு. எண்பத்து மூன்று. இப்போது வேகமாகப் போகிறது, வேகமாகப் போகாதே. தொண்ணூற்று ஆறில் நின்றது, ஒரு காப்பி குடிக்கிற நேரம் அங்கேயே நின்றது. பிறகு கேடயம் சுழல்வதை நிறுத்தியது. சோதனை முடிந்தது, ஒரு பொருள் கண்டறியப்பட்டது.

ஒன்று. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். கிண்ணத்தில் ஒன்று விழுந்துவிட்டால் எனக்கு எப்போதும் நிதானம் வந்துவிடும். அழுத்தினால் விவரம் வந்தது, இது வைரஸ் அல்ல, தொலைவில் உள்ள ஒருவர் உங்கள் கணினியைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் நிரல், நீங்கள் அறிந்து நிறுவியிருந்தால் கவலை வேண்டாம், நீங்கள் அறியாமல் நிறுவப்பட்டிருந்தால் உடனே நீக்கவும். கீழே இரண்டு பொத்தான்கள், நீக்கு, அனுமதி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் நிறுவிய நாள், தேங்க்ஸ்கிவிங் திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. இருமுறை படித்தேன். ஆக நான் பைத்தியம் இல்லை. முதலில் வந்தது அதுதான், ஒரு சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம், ஓரெஸ்டைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல, டேய், இருக்குடா. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. இரண்டு நாற்பதுக்கு இந்த வீட்டில் இரண்டே பேர்தான்.

இரண்டு நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன்? வெளியே பிர்ச் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கத்ரிதான் சொன்னாள், "நீங்க கட்டைய அடுக்குங்கப்பா, நான் கொஞ்சம் மெயில் பாத்துக்கறேன்." ஆம். மழை வரும் போல இருந்தது, தார்ப்பாயின் ஒரு மூலையைக் கட்ட அவளைக் கூப்பிட்டேன், அவள் வர நேரமானது. நேரமானது, ஏனென்றால் இங்கே உட்கார்ந்து இதைப் போட்டுக்கொண்டிருந்தாள். சரியாகப் பொருந்துகிறது. பொருந்துவதுதான்... கட்டை அடுக்கியது திங்களா, ஞாயிறா? ஞாயிறு வான்கோழி. திங்கள் மிச்சத்தைச் சூப் வைத்தாள். சூப் வாசனையோடு வேறொன்று வருகிறது, இதே நாற்காலி, என் முதுகுக்குப் பின்னால் அவள், நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிற கை, மோதிரம் மரத்தில் தட்டுகிற சத்தம், "இங்க அமுக்குங்கப்பா, இல்ல, இந்தப் பக்கம்." அது எப்போது? பிரின்டர் போட்ட அன்று, இரண்டு வருடத்துக்கு முன்பு. அன்று சூப் இருந்ததா? பிரின்டர் ஜூலையில் வந்தது, ஜூலையில் யார் சூப் வைப்பார்கள். சூப்பை நான் வேறெங்கிருந்தோ எடுத்து இதன்மேல் ஊற்றுகிறேனா? கண்ணை மூடினால் பொத்தானில் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை, ஒரு பொத்தான் இருந்தது, அதை நான் அமுக்கினேன், அவ்வளவுதான் இருக்கிறது. குழாயை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினாலும் அதற்கு அடியில் எதுவும் வரவில்லை.

அம்பை 'நீக்கு' மேல் கொண்டுபோனேன். என் கைதான் நகர்த்தியது. அமுக்கினால் இன்றோடு முடிந்தது, அங்கே கத்ரியின் திரையில் ஏதாவது கட்டம் அணையும், அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் குற்றவாளி, கேட்டால் அதுவும் குற்றவாளி, ஞாயிறுவரை காத்திருந்து அவள் குரலைச் சோதிக்கலாம், மூன்று ஞாயிறு சோதிக்கலாம், நன்றாகத் தெரிந்த வழி. எனக்கு அலுப்பாக இருந்தது. மூன்று வாரமாகச் சொந்த மகளை விளக்குக்குக் கீழே வைத்துக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மவுஸிலிருந்து கையை எடுத்தேன். போனை எடுத்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக விவசாயியிடம் கேட்கப் போகிறேன் என்று நினைத்தேன், சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது மணியில் எடுத்தாள். வேலையில் இருக்கிறாள், பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிற வேலை, பின்னால் அந்த இயந்திரத்தின் கீச்சென்ற சத்தம். "என்னப்பா இந்த நேரத்துல? விழுந்துட்டீங்களா?" விழவில்லை. கத்ரி, என் கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறது, தூரத்திலிருந்து பார்க்கிற ஒன்று, நீ போட்டதா என்று கேட்டேன். நேராக. ஒரு கதவு சாத்துகிற சத்தம், கீச்சொலி குறைந்தது. "ஆமா, நான்தான் போட்டேன்." மழுப்பல் இல்லை, தடுமாற்றம் இல்லை. நான் எதிர்பார்த்தது அதுவல்ல. "எப்பவாவது அப்டேட் பண்ண உள்ள வருவேன், அவ்வளவுதான். உங்க மெயில் எதையும் படிக்க மாட்டேன். அதெல்லாம் அன்னிக்கே சொன்னேன்ல? உங்ககிட்ட கேட்டுட்டுத்தாம்ப்பா போட்டேன். என் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. நான் ஒவ்வொரு வரியா வாசிச்சேன், நீங்கதான் 'ஒத்துக்கறேன்'ன்னு அமுக்குனீங்க. 'நல்லது, இனிமே ஃபோன் பண்ணி உன் உயிர வாங்க மாட்டேன்'னு வேற சொன்னீங்க."

உயிரை வாங்க மாட்டேன். அது என் பேச்சுதான், நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் என் பேச்சு அவளுக்கு நாற்பத்து நான்கு வருடமாகத் தெரியும்... பதினாறு வயதில் என் டிரக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய் விளக்கை உடைத்துக்கொண்டு வந்தவள், இதே குரலில், நீங்கதானப்பா எடுத்துக்கோன்னு சொன்னீங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தப்ப, தூக்கத்துல, ஞாபகம் இல்லையா என்றாள். நம்பினேன். அவள் கல்யாணத்தன்று, கையில் கோப்பையோடு எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள், அப்பா ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை என்று. நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. அந்தத் தந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று அவளுக்குத் தெரியும். அல்லது இந்த முறை நான் உண்மையிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சூப் உண்மை, மோதிரம் உண்மை. ஞாபகம் இருக்கிறது என்று சொன்னால் ஒரு பொய்யை நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன், அவள் பொய்யையோ என் பொய்யையோ. இல்லை என்று சொன்னால் அந்தத் தடித்த உறையை நானே மறுபடி பிரிக்கிறேன். கிடங்கில் வருடத்துக்கு இரண்டு முறை மேலதிகாரி ஒரு மாதிரிக்குள் தெரிந்தே ஐந்து வண்டுகளைப் போட்டு அனுப்புவார், எங்கள் கண்ணைச் சோதிக்க, எது அந்த மாதிரி என்று சொல்லமாட்டார். கத்ரி இப்போது போட்டிருப்பது அதுவா? நடந்ததைச் சொல்கிறாளா, நான் எத்தனை எண்ணுகிறேன் என்று பார்க்கிறாளா? கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேனே, கேட்டேன், அவள் தயங்காமல் பதில் சொல்லிவிட்டாள், இனி சோதிக்க மிச்சம் இருப்பது நான் மட்டும். திரையில் இரண்டு பொத்தான்களும் அப்படியே இருக்கின்றன, நீங்கள் அறிந்து, நீங்கள் அறியாமல், நடுவில் வேறு பொத்தான் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வாயைத் திறந்தேன், ஆறிப்போன காப்பியின் வாசனை வந்தது, மூடிக்கொண்டேன். பிறகு அந்தக் குரல் வந்தது, மெதுவாக, குழந்தையிடம் கேட்பது போல.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா? நீங்கதானப்பா அமுக்குனீங்க... ஞாபகம் இருக்குல்ல?"